கட்டணத்தை ஏற்றாமல் செலவைக் குறைக்க முடியாதா?

கேள்வி: சொத்து வரி ஏறியது, மின் கட்டணமும் ஏறியது. பணம் போதவில்லை என்றால் அரசு முதலில் தன் செலவைக் குறைக்கக் கூடாதா?
- வாசகி, திருவாரூர்

பதில்: குறைக்கலாம், குறைத்தே ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அரசின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நஷ்டம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.36 ரூபாய் நஷ்டம் என்று அதில் இருந்தது. இந்த ஓட்டையை டிக்கெட் விலையால் மட்டும் அடைக்கப் பார்த்தால் ஏழைதான் பேருந்தை விட்டு இறங்குவார். பழைய வண்டி குடிக்கும் டீசல், பணிமனையில் சும்மா நிற்கும் பேருந்து, வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கும் மின்சாரம், பழைய கடனுக்குக் கட்டும் வட்டி, இதையெல்லாம் தொடாமல் கட்டணத்தை மட்டும் ஏற்றினால் சில வருடத்தில் திரும்பவும் அதே இடத்தில்தான் வந்து நிற்போம்.

சரி, சீர்திருத்தம் என்றால் ஆட்குறைப்பா? அதை நான் ஏற்கவே மாட்டேன். தகுதி இல்லாத இடத்துக்குப் போகும் பணத்தைத் தடுப்பதுதான் சீர்திருத்தம். கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியில் என்ன நடந்தது? 5 சவரன் வரை தள்ளுபடி என்று அறிவித்தபின் கணக்கைச் சரிபார்த்தார்கள். சுமார் 48 லட்சம் கடன்களில் ஏறக்குறைய 35 லட்சம் தகுதி இல்லாதவை என்று தெரிந்தது. ஒருவரே பல கடன் வாங்கியிருந்தார், சில இடங்களில் அடகு வைத்ததே போலி நகை. விடுபட்டதாகச் சொல்பவர்களுக்கு முறையிட வழி வைத்து, இதே சரிபார்ப்பை ஒவ்வொரு மானியத்துக்கும், ஒவ்வொரு டெண்டருக்கும் செய்யட்டும். அப்புறம் கட்டண உயர்வைப் பற்றிப் பேசலாம்.