கருகிய புல்லைப் பிடுங்கிவிடாதீர்கள்

கேள்வி: கோவையில் தனி வீடு. 1,200 சதுர அடிக்கு மெக்சிகன் புல், மறைந்த என் கணவர் பதித்தது. பராமரிக்க ஒரு நிறுவனத்துக்கு மாதம் 3,500 ரூபாய் கொடுக்கிறேன். ஆள் ஒழுங்காக வருவதில்லை, போனை எடுப்பதில்லை, கேட்டால் சூப்பர்வைசர் மரியாதையில்லாமல் பேசுகிறார். போன மாதம் 'களைக்கு மருந்து அடிச்சாச்சு மேடம்' என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். பத்தே நாளில் முக்கால்வாசிப் புல் கருகிவிட்டது. புதிதாகப் பதிக்க 60,000 ஆகுமாம். நிறுவனம் 35,000 தருவதாகச் சொல்கிறது. 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? அடுத்த வாரம் புதுப் புல் வந்து இறங்குகிறது.

பதில்: முதலில் அந்தப் புதுப் புல் வண்டியை வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆள் வராதது, போன் எடுக்காதது, மரியாதைக் குறைவு எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே விஷயத்தில்தான்: புல் செத்தது அவர்கள் அடித்த மருந்தாலா? சேவைக் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரர்தான் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நிறுவனம் என்ன சொல்லும்? 'அந்தம்மா தண்ணீர் விடவில்லை', 'வேர்ப்புழு', 'பூஞ்சை'. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கக்கூடும். அதை உடைக்க உங்களிடம் இருப்பது அந்தக் கருகிய புல் மட்டும்தான். அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும் 2,4-டி-க்குப் பதிலாக, புல்லையும் சேர்த்துக் கொல்லும் கிளைபோசேட்டை அடித்திருந்தால், ஸ்ப்ரேயர் போன தடத்திலேயே பட்டை பட்டையாகக் காய்ந்திருக்கும். தண்ணீர் இல்லாமல் காய்கிற புல்லில் அப்படித் தடம் விழாது.

வழக்குப் போட வருகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கண்ணால் பார்க்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதுசு பதித்துவிட்டு, செல்போனில் நாலு போட்டோவோடு வந்து உட்காருவார்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் நேரில் பார்க்க ஆள் அனுப்பினாலும் அங்கே பச்சைப் புல்தான் இருக்கும். ஜெயிக்க வேண்டிய வழக்கு அதோடு போய்விடும். மனம் பதறுகிறது, ஆனால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

நீங்கள் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, இந்தத் தேதியில் வந்து பாருங்கள் என்று கூப்பிடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அன்றே தோட்டக்கலை படித்த ஒருவரை வைத்துப் பார்த்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். தடம் தெரிகிற மாதிரி மாடியிலிருந்து வீடியோ எடுங்கள். அதன் பிறகு பிடுங்கலாம். நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட, அவர்கள் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான், மருந்து அடித்ததை அவர்களே ஒப்புக்கொண்ட சாட்சி. போனை மாற்றாதீர்கள், அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது, மின்னணு ஆதாரத்துக்காகச் சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) கேட்கும் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

5 லட்சத்தை மறந்துவிடுங்கள். கணவர் கையால் பதித்த புல் என்ற வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஆணையம் அதற்கு விலை போடாது; மன உளைச்சலுக்கென்று சில ஆயிரம் தரலாம். சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கும்.

ஆதாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு 50,000-க்குப் பேசி முடியுங்கள். 'நாங்களே இலவசமாகப் பதித்துத் தருகிறோம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பணமாகவே வாங்குங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில், பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் மசியவில்லையென்றால் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் இருக்கிறது.