தராசு யாரை நிறுத்தும்?

கேள்வி: எனக்கு 64 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன் அமெரிக்காவில், ஃபீனிக்ஸில் இருக்கிறான். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடிவரை கோவேறு கழுதையில் இறங்கி, ஓர் இரவு தங்கி வர எங்கள் இருவருக்கும் அக்டோபரில் இடம் பிடித்திருக்கிறான். அந்தப் பள்ளத்தாக்கின் காலண்டர் படத்தை ஒரு காலத்தில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அதை ஞாபகம் வைத்து ஏற்பாடு செய்திருக்கிறான். ஆனால் உயரம் என்றாலே அவனுக்கு ஆகாது. சின்ன வயதில் மலைக்கோட்டை உச்சிக்குப் போனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் வேட்டியைப் பிடித்துக்கொள்வான். இப்போது கேட்டால் சிரித்து மழுப்புகிறான். வேண்டாம் என்றால் 35 வயது ஆளைக் குழந்தையாக நடத்துவதாக நினைப்பானோ? எனக்கு எடை 94 கிலோ, முட்டியில் லேசான வலி. மற்றபடி நலம்.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் மகன்தான் தெரிந்தார். இரண்டாம் முறைதான் கடைசியில் நைஸாக நுழைத்திருக்கும் அந்த 94 கண்ணில் பட்டது.

அடிவரை போகும் பயணத்துக்கு எடை வரம்பு 200 பவுண்டு. நம் கணக்கில் 90.7 கிலோ. அதுவும் முழுக்கை சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு. வீட்டில் வேட்டி பனியனோடு நின்று பார்த்த 94 என்றால் நீங்கள் இறக்க வேண்டியது ஐந்தாறு கிலோ. அங்கே தராசில் ஏற்றித்தான் பார்ப்பார்கள். ‘வயசானவர், கொஞ்சம் பார்த்து விடுங்க’ என்ற பேச்செல்லாம் எடுபடாது. சுமப்பது கழுதை, பாவம்.

முட்டி விஷயம் இதைவிட முக்கியம். ஏழு வருடம் முன்பு நானும் என் அக்காவும் இதே பயணம் போனோம். பிரைட் ஏஞ்சல் பாதையில் இறக்கம் சுமார் 17 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். இறக்கத்தில் உடம்பு முன்னால் சாயாமல் இருக்க அங்கவடியில் காலை ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தப் பாரமும் முட்டிக்குத்தான் போகும். அக்கா தன் முட்டி வலியை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று நினைத்திருக்கிறாள். வழியில் ஹவாசுபாய் தோட்டம் என்ற இடத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது அவளால் இறங்க முடியவில்லை. வழிகாட்டி இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டார். தரையில் நின்ற பிறகும் கால் இரண்டும் கவட்டை மாதிரி அகன்றே இருந்தன. அன்று ராத்திரி சிரித்துச் சிரித்து அழுதாள். மறுநாள் வேறு பாதை வழியாக 12 கிலோமீட்டர் ஏற வேண்டுமே! கீழே ஆட்டோ கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி சேணத்தில் ஏற வேண்டும்.

இப்போது மகன். உயரத்துக்கும் பெரிய விலங்குக்கும் பயப்படுபவர்கள் வர வேண்டாம் என்று நடத்துபவர்களே விதி வைத்திருக்கிறார்கள். கோவேறு கழுதை பெரும்பாலும் பாதையின் வெளி ஓரத்தில்தான் நடக்கும். கொண்டை ஊசி வளைவில் அதன் தலையும் கழுத்தும் முதலில் வெட்டவெளிக்குப் போய்விடும், பிறகுதான் உடம்பு திரும்பும். அந்த ஒரு நொடி அதன் இரண்டு காதுகளுக்கு நடுவே எனக்குத் தெரிந்தது வெறும் காற்று. நான் உச்சிப்பிள்ளையாரை மட்டுமல்ல, தெரிந்த எல்லாப் பிள்ளையாரையும் கூப்பிட்டேன்.

கழுதை விழாது என்று நம்பலாம். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்த இந்தப் பிராணி, ஆபத்து என்று பட்டால் ஓர் அடி வைக்காது. அதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். ஆனால் முன்னால் போகும் கழுதையோடு ஒட்டியே போகச் சொல்லி, தட்டி ஓட்ட ஒரு சின்னச் சாட்டையும் கையில் கொடுப்பார்கள். பயந்துபோய்க் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் இடைவெளி விழும். அதை ஈடுகட்டக் கழுதை ஓடும். அந்த ஓரத்தில் அது ஓடுவதை உங்கள் மகன் அனுபவிக்க வேண்டாம்.

ஆக, ஆளுக்கு ஒரு விதி குறுக்கே நிற்கிறது. இருவரும் அடுத்தவருக்காக வாய் திறக்காமல் இருக்கிறீர்கள். ‘உனக்குப் பயமா?’ என்று கேட்டால் அவர் மறுபடி சிரிப்பார். அதனால் உங்களிடமிருந்து ஆரம்பியுங்கள். ‘எனக்கு எடை அதிகம்டா, முட்டியும் சரியில்லை, தராசில் ஏற்றினால் அனுப்ப மாட்டார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்பா முதலில் இறங்கி வந்தால், பயத்தைச் சொல்ல மகனுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள். மேலேயே, தெற்கு விளிம்பை ஒட்டி மூன்று மணி நேரக் கழுதைச் சவாரி இருக்கிறது. சேணத்தில் இரண்டு மணி நேரம்தான். எடை வரம்பு 225 பவுண்டு, அதாவது 102 கிலோ. நீங்கள் தாராளமாகப் போகலாம். அதுவும் விளிம்புதான் என்பதால் உங்கள் மகன் ஏற வேண்டுமா, தள்ளி நின்று உங்களைப் படம் எடுக்க வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். காலண்டரில் நீங்கள் பார்த்தது அநேகமாக மேலிருந்து எடுத்த படமாகத்தான் இருக்கும்.

பேசிய பிறகும் இரண்டு பேருக்கும் கீழே போகத்தான் ஆசை என்றால், டாக்டரிடம் முட்டியைக் காட்டுங்கள், எடையை இறக்குங்கள், போய் வாருங்கள். மலையைக் குடைந்த ஓர் இருட்டு வழிக்குள் கழுதை நுழைந்து வெளியே வரும்போது காலுக்குக் கீழே கொலராடோ ஆறு ஓடும். நீங்கள் நிற்பது 1928-இல் கட்டி முடித்த தொங்கு பாலத்தில். அதன் வடங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன். அந்த நீளத்தைக் கழுதை சுமக்க முடியாது என்பதால் 42 பேர் வரிசையாகத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கினார்கள். பெரும்பாலோர் அங்கேயே வாழ்ந்த ஹவாசுபாய் பழங்குடி மக்கள். அக்கா முட்டி வலியை மறந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

தண்ணீர்க் குழாய் வேலைக்காகப் பாதைகளை அவ்வப்போது மூடுகிறார்கள். கிளம்பும் முன் பதிவை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நம் இரவு எட்டு மணி ஃபீனிக்ஸில் காலை ஏழரை. ஷூவையும் பேன்டையும் போட்டுக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணுங்கள்.