1939 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் விற்பனைக்கு வந்திருக்கிறது. அசலா போலியா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் ஒரே சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களிலேயே அதிகம் போலி செய்யப்படுபவற்றில் 1939-ம் ஒன்று. ஆறாம் ஜார்ஜின் 91.7 டச் (நூற்றில் 91.7 பங்கு தூய வெள்ளி) ரூபாய் 1938-இல் லட்சக்கணக்கில் வந்தது. 1939 தேதியில் கிடைப்பதோ மிகச் சில. 1940-இலிருந்து வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே கடைசி இலக்கம் ஒன்றை மாற்றினால் காசின் விலை பல மடங்கு ஏறும். போலிக்காரருக்கு அது போதும்.

முதலில் எடை. அசல் ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். குறுக்களவு சுமார் 30.5 மி.மீ. 0.01 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசும் குறுக்களவும் தடிமனும் அளக்கும் டிஜிட்டல் காலிப்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். புழங்கித் தேய்ந்த காசு 11.4 வரை இறங்கியிருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மன்னரின் கிரீடத்தில் ஒவ்வொரு மணியும் கூர்மையாகத் தெரிகிறது, எடை மட்டும் 11.2 என்றால்தான் தவறு. தேய்மானமும் எடையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வார்ப்புக் காசு, அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்த போலி, ஆறும்போது இம்மியளவு சுருங்கும், எடையும் குறையும். அந்த எடைக் குறைவை ஈடுகட்டத் தடிமனைக் கூட்டியிருப்பார்கள். அதனால் விளிம்பில் நாலைந்து இடங்களில் தடிமனை அளந்து பாருங்கள்.

அடுத்தது அடர்த்தி. வீட்டுச் சோதனைகளில் இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஒரு டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணை 0 ஆக்குங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அதுதான் அடர்த்தி. 11.66 கிராம் காசு 1.13 காட்டினால் 10.3 வரும், 91.7 டச் வெள்ளிக்கு அது சரி. 1.22 காட்டினால் பாதி வெள்ளி. 1.34 பக்கம் போனால் ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) போன்றது, வெள்ளியே கிடையாது. இதில் வழக்கமாக நேரும் தவறு, காசில் ஒட்டும் காற்றுக் குமிழி. அது எண்ணைக் கூட்டி நல்ல காசையும் கெட்டதாகக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.

காந்தத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜெர்மன் சில்வரும் காந்தத்தில் ஒட்டாது. 1947 நிக்கல் ரூபாய் அசலாகவே ஒட்டும்.

அடர்த்தி சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. சாதாரண வெள்ளி ரூபாயை உருக்கி 1939 வார்ப்பவர்களும் உண்டு, அசல் 1938-இல் எட்டை ஒன்பதாகச் செதுக்குபவர்களும் உண்டு. இரண்டிலும் வெள்ளி வெள்ளிதான். இங்கே 10 மடங்கு லென்ஸ் வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, காசைச் சாய்த்துச் சாய்த்துத் தேதியைப் பாருங்கள். கடைசி இலக்கத்தின் கீழ் வளையத்தில் இடப்பக்கம்தான் கவனிக்க வேண்டிய இடம். எட்டை ஒன்பதாக்க அங்கேதான் உலோகத்தைச் சுரண்டியாக வேண்டும். சுரண்டிய இடம் மெல்லிய பள்ளமாகவோ, சுற்றியுள்ள தளத்தோடு சேராத மினுக்கமாகவோ தெரியும். தனியாக ஒன்பது ஒட்டியிருந்தால் இலக்கத்தின் அடியைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு ஓடும். மற்ற மூன்று இலக்கங்களும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க, இது மட்டும் வேறு மாதிரி இருந்தால் வாங்காதீர்கள்.

வார்ப்பில் எழுத்தின் ஓரங்கள் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருக்கும். தளத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். விளிம்பில் வார்ப்பின் இணைப்புக் கோட்டை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். அந்த இடத்தில் வரிப்பற்கள் (விளிம்பைச் சுற்றியுள்ள நுண்ணிய வரிகள்) அறுந்தோ சாய்ந்தோ கிடக்கும். 1939-க்கு நேரான வரிப்பல் விளிம்புதான். வரிப்பற்களுக்கு நடுவே பள்ளமும் அதில் அலங்காரமும் ஓடினால், அது பிறகு வந்த பாதி வெள்ளிக் காசுகளில் காணும் பாதுகாப்பு விளிம்பு. தேதி என்ன சொன்னாலும் அது 1939 அல்ல.

ஒரே விற்பனையாளரிடம் இரண்டு 1939 இருந்தால் இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மன்னரின் கன்னத்தில் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே கீறல் இரண்டிலும் இருந்தால் இரண்டும் ஒரே தாய்க்காசிலிருந்து எடுத்த நகல்கள். புழக்கத்தில் விழும் கீறல் ஒவ்வொரு காசிலும் வேறாகத்தான் இருக்கும்.

காசை உரைகல்லில் தேய்க்காதீர்கள், அமிலம் விடாதீர்கள், திருநீறு போட்டுத் துலக்காதீர்கள். அசலாக இருந்தால் அதன் மதிப்பு உங்கள் கையாலேயே போய்விடும். டச் தெரிய வேண்டுமென்றால் நகைக்கடைப் பக்கம் எக்ஸ்.ஆர்.எஃப் இயந்திரம் (எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையை அளப்பது) வைத்திருப்பவரிடம் கொடுங்கள், கீறாமல் சொல்லிவிடுவார். காசு மாலையில் கோத்திருந்த ரூபாய்களில் வளையம் பற்றவைத்த இடத்தை நிரப்பி மெருகேற்றியிருப்பார்கள். அவை போலி அல்ல, ஆனால் பழுதுபார்த்தவை. விலையும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.

காசுகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்தின் தரச்சான்று பெட்டியில் அடைத்து வந்தாலும் பெட்டியிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்கிருக்கும் படத்தோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். பெட்டியையும் நகலெடுக்கிறார்கள்.

பணம் கட்டுமுன் ஒரு நல்ல 1938 ரூபாயை வாங்கிவிடுங்கள். அது அவ்வளவு அரிதல்ல. அதன் எழுத்தின் உயரம், மன்னரின் காது மடல், பின்பக்கப் பூவேலை எல்லாம் கண்ணில் பதியும்வரை லென்ஸில் பாருங்கள். பிறகு அந்த 1939-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்க வேண்டாம்.