நெடும்பயணத்தில் ஆர்.வி. பழுதாகி நிற்கும்போது மனம் சோராமல் இருப்பது எப்படி?

என் துணைவியும் நானும் பிள்ளைகளுடன் ஆர்.வி. வண்டியில், அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டியில், வாரக்கணக்கில் நீளும் பயணங்களைப் பல ஆண்டுகளாக மேற்கொண்டு வருகிறோம். பழுதே இல்லாமல் முடிந்த நெடும்பயணம் எங்களுக்கு வாய்த்ததில்லை. ஆயினும் அவற்றுள் எதையும் நாங்கள் கசப்போடு நினைத்துப் பார்ப்பதில்லை. இதற்கு எங்கள் பொறுமை காரணம் என்று நான் கருதவில்லை. ஓட்டம் நின்ற வண்டிக்குள் விளக்கு எரிந்து, குழாயில் தண்ணீர் வந்து, அடுப்பும் பற்றிக்கொண்டால், உள்ளே இருப்பவர்களின் மனம் பெரும்பாலும் தானாகவே நிலைகொண்டுவிடுகிறது. எனவே, வண்டி நின்றாலும் வீடு நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில்.

கார் பழுதானால் நாம் தெருவில் நிற்கிறோம், ஆர்.வி. பழுதானால் படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் நம்முடனேயே இருக்கின்றன. இந்த வசதியை நாமே வீணாக்கிவிடாமல் இருக்கச் சில பழக்கங்கள் வேண்டும். நன்னீர்த் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கும் முன்பே அதை நிரப்பிவிடுகிறோம். கேஸ் உருளை தீரும்வரை காத்திருப்பதில்லை. வீட்டுப் பகுதிக்கான பேட்டரியும் என்ஜினைக் கிளப்பும் பேட்டரியும் தனித்தனியானவை. இரண்டும் ஒன்றையொன்று வற்றடிக்காதபடி பிரித்துவைக்கும் அமைப்பு சரியாக இயங்குகிறதா என்பதைப் புறப்படும் முன்பே சோதித்துவிட வேண்டும். ஈய அமில பேட்டரியாக இருந்தால், சற்று நேரம் ஓய்வில் விட்டபின் மின்னழுத்தம் 12.6 வோல்ட் அளவில் இருப்பது நிறைந்த நிலை, ஏறத்தாழ 12.1 வோல்ட் என்பது பாதி தீர்ந்த நிலை. அதற்கும் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். லித்தியம் பேட்டரியில் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், இருப்பை அறிய அதற்குரிய கண்காணிப்புக் கருவிதான் உதவும். இந்த எண்கள் தெரிந்திருந்தால், இரவு முழுவதும் விளக்கு எரியுமா என்ற கவலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

குளிர்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரின் மனநிலை அங்கேதான் முதலில் உடைகிறது. பல ஆர்.வி.க்களில் இருப்பது கம்ப்ரசர் இல்லாமல், கேஸ் சுடரின் வெப்பத்தாலோ மின்வெப்பத்தாலோ அம்மோனியாவைச் சுழலச் செய்து குளிரூட்டும் வகை. வண்டி ஏறத்தாழ மட்டமாக நின்றால்தான் அது ஒழுங்காக இயங்கும். சரிவான சாலையோரத்தில் நெடுநேரம் இயங்கவிட்டால் அதன் குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். அத்தகைய இடத்தில் அதை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் வைத்திருங்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரம் உணவு கெடாது. அதற்குள் மட்டமான இடத்துக்குப் போகும் வழியைத் தேடலாம்.

அச்சத்தில் பெரும்பகுதி, என்ன நடந்தது என்று தெரியாததால் வருவது. வீட்டுப் பகுதியில் ஏதேனும் ஒன்று திடீரென்று நின்றுவிட்டால், நான் முதலில் பார்ப்பது ஃப்யூஸ் பெட்டியையும் பேட்டரி முனைகளையும்தான். தண்ணீர் பம்பு நின்றதற்கும் மின்விசையால் மடங்கும் வாசல் படிக்கட்டு உள்ளே போக மறுத்ததற்கும் எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பே காரணமாக இருந்திருக்கிறது. தட்டை ஃப்யூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்துபோனதற்குப் பதிலாக அதே அளவுள்ளதையே போட வேண்டும், ஏனெனில் பெரியதைப் போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மேட்டில் ஏறும்போது வெப்பமானியின் முள் உயர்ந்தால், ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட்டால் என்ஜினின் வெப்பம் ஓரளவு வெளியேறும். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். என்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது.

எங்கள் வண்டியில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. பழுது ஏற்பட்டவுடன் நேரம், ஓடிய தூரம், கேட்ட ஒலி, வந்த நாற்றம், எரிந்த எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றை மூத்த பிள்ளை எழுத, இளையவர் டார்ச் பிடிக்கிறார். மெக்கானிக்குக் கிடைக்கும் பயன் ஒருபுறமிருக்க, கையில் வேலை இருக்கும் பிள்ளை பயப்படுவதில்லை என்பதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். அத்துடன், “அப்போதே சொன்னேனே” என்ற சொல்லை வண்டி மீண்டும் ஓடும்வரை எவரும் உச்சரிப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு. இந்த உடன்பாட்டை நான் எந்தக் கருவியைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

பயணத் திட்டத்தில் நான்கு நாள்களுக்கு ஒரு நாளையேனும் வெறுமையாக விட்டுவையுங்கள். நெருக்கமான திட்டத்தில் ஒரு பழுது, அடுத்தடுத்த முன்பதிவுகளையெல்லாம் இழுத்துக்கொண்டு சரிகிறது. அப்போது நாம் துயரப்படுவது பழுதுக்காக அன்று, கைநழுவிய தேதிகளுக்காக.

பணிமனையில் காத்திருப்பதுதான் மிகக் கடினமான பகுதி. பல ஆர்.வி.க்கள் லாரி அல்லது வேன் நிறுவனங்களின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டவை. எனவே என்ஜின், பிரேக் சார்ந்த கோளாறுகளை அந்த வகை வாகனங்களைப் பழுதுபார்ப்பவரே சரிசெய்ய இயலும். அடிச்சட்டத்தின் மாதிரி, ஆண்டு, அடையாள எண் ஆகியவற்றைத் தனியே எழுதிவைத்திருந்தால், உதிரிப்பாகம் தேடும் வேலை வெகுவாகக் குறையும். இரவில் வண்டிக்குள்ளேயே தங்க அனுமதி உண்டா என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆளுக்கு ஒரு பையைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். சாலையோர உதவித் திட்டம் உங்கள் வண்டியின் நீளத்துக்கும் எடைக்கும் பொருந்துகிறதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும்; காருக்கான திட்டம் பல நேரங்களில் போதாது.

மேலே சொன்ன அமைதிக்குச் சில எல்லைகள் உண்டு. பிரேக் மிதி தளர்ந்து உள்ளே இறங்கினாலோ, இறக்கத்தில் பிரேக் கருகும் நாற்றம் வந்தாலோ, ஸ்டீயரிங்கில் இயல்பல்லாத ஆட்டம் தெரிந்தாலோ, அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கே இடம் தராமல் பாதுகாப்பாக ஒதுங்கி நிறுத்திவிட வேண்டும். கேஸ் நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, எட்டிவிடக்கூடிய தொலைவில் இருந்தால் உருளையின் வால்வை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். தேர்ந்தவர் ஒருவர் கசிவைச் சோதித்து முடிக்கும்வரை, வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் உள்ளே போகாதீர்கள்.