கரண்ட் போனால் தொட்டித் தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: அண்ணா, டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். வரவேற்பறையில் 180 × 60 × 60 செ.மீ. அளவில் பவளத் தொட்டி (உயிருள்ள பவளமும் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைக்கப் போகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் கராஜ். 120 × 45 × 45 செ.மீ. சம்பை, அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து மறுபடி ஏறிப்போகும் துணைத் தொட்டியை, அங்கே வைக்க எண்ணம். கராஜ் தரை ஒரு படி கீழே இருக்கிறது. எங்களுக்குக் கீசர் மாட்டிய பிளம்பர், "இறங்க ஒரு 25 மி.மீ. பைப், ஏற ஒரு 25 மி.மீ. பைப், நடுவில் தண்ணீர் திரும்பாமல் தடுக்க ஒரு செக் வால்வு, அவ்வளவுதான்" என்கிறார். போதுமா? கரண்ட் போனால் தண்ணீர் தரைக்கு வந்துவிடுமோ என்று மனைவி பயப்படுகிறார்.

பதில்: உங்கள் மனைவி கேட்டதிலிருந்தே தொடங்குவோம். கீசரில் தண்ணீர் அழுத்தத்தில் ஓடுகிறது. இங்கே மேலே ஏறுவது பம்பால், கீழே இறங்குவது தன் எடையால். பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு வழியில் இல்லை, இரண்டு வழியில். தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்புக்கு மேலே நிற்கும் தண்ணீர் வடியும். ஏற்றும் குழாயும் சைஃபனாக மாறி, தன் வாய் காற்றைத் தொடும்வரை பின்னோக்கி இழுக்கும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்பது 10.8 லிட்டர். சம்பில் ஒரு செ.மீ. 5.4 லிட்டர். சம்பை 22 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி ஓட்டினால் மேலே 23 செ.மீ. காலி, அதாவது சுமார் 124 லிட்டருக்கு இடம். ஏற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தால் 162 லிட்டர் திரும்பி வரும். கராஜ் நனைந்தது. அதே வாயை 2 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 22 லிட்டர்தான். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பதைச் சேர்த்தாலும் 40 லிட்டரைச் சுற்றித்தான் வரும். நிம்மதியாகத் தூங்கலாம்.

செக் வால்வை நம்பியா இதை விடுவது? வேண்டாம். ஒரு சின்ன நத்தையோ சுண்ணாம்புப் படிவமோ அதன் நாக்கில் சிக்கினால் மூடாது. காற்றை உள்ளே விட்டுச் சைஃபனை உடைக்கக் குழாயில் போடும் சின்னத் துளையும் அப்படித்தான். எனக்கு அந்தத் துளை பாசியில் அடைத்துக்கொண்டது. ஒரு ராத்திரி கரண்ட் போக, காலையில் மரத்தரையெல்லாம் உப்புத் தண்ணீர். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அவை இரண்டுமே வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு சம்பில் இடம் விடுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு விபத்து உண்டு. இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால், பம்ப், சம்பில் தான் நிற்கும் தடுப்பறையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத்தான் ஓயும். அந்த அறையை 30 × 45 செ.மீ. என்று சின்னதாகப் பிரித்தால் அதில் 30 லிட்டர் இருக்கும். மேலே போனால் மூன்று செ.மீ. கூட ஏறாது. தொட்டி விளிம்பில் நான்கு செ.மீ. காலி விட்டால் சரி.

இப்போது இறங்கும் குழாய்கள். ஒன்று போதாது, மூன்று வேண்டும், மூன்றும் 40 மி.மீ. முதல் குழாய் முழுக்கத் தண்ணீரால் நிரம்பி, காற்றே இல்லாமல், சத்தமே இல்லாமல் இழுக்கும். அதில் கேட் வால்வு வைத்து அளவைக் குறைத்துச் சரிபண்ணுங்கள். பால் வால்வு கால் திருப்பில் திறந்து மூடிவிடும், நுணுக்கமாக வைக்க வராது. முதல் குழாய் எடுக்காத மிச்சம் இரண்டாவது குழாயில் மெல்லியதாக வழியும். மூன்றாவது எப்போதும் காலி, மற்ற இரண்டும் அடைத்தால் மட்டும் வேலை. உலகம் முழுக்கப் பவளத் தொட்டிக்காரர்கள் இதை 'பீன் அனிமல்' முறை என்பார்கள். முதல் குழாயின் முனை சம்புத் தண்ணீருக்குள் 2 அல்லது 3 செ.மீ. மட்டுமே முங்கியிருக்கட்டும். ஆழமாகப் போனால், கரண்ட் திரும்பி வரும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் தொடங்காது. கராஜ் வரை போகும் கிடைக்குழாய்களில் தொடர்ந்து சரிவு வேண்டும், நடுவில் தொய்வு கூடாது.

சுவரில் ஓட்டை போடும்போது ஒவ்வொரு ஓட்டையிலும் 110 மி.மீ. கழிவுக் குழாய்த் துண்டு ஒன்றை உறையாகப் பதித்து, அதற்குள் குழாயை விடுங்கள். ஒரு குழாய்க்கு ஒரு துண்டு. நாளைக்குக் கழற்ற வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டாம்.

ஏற்றும் குழாய் 32 மி.மீ. போதும். உங்கள் தொட்டி சுமார் 650 லிட்டர். மணிக்கு நான்கைந்து தடவை சம்ப் வழியாகச் சுற்றினால் போதும், அதாவது மேலே வந்து விழும்போது 2,600 முதல் 3,200 லிட்டர். பம்ப் பெட்டியில் அச்சிட்ட எண் உயரம் ஏறாதபோது உள்ளது. உயரத்துக்கும் எல்போக்களுக்கும் (குழாய் வளைவுகளுக்கும்) கழித்துப் பாருங்கள். ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 நல்லது. பவளத்துக்கு வேண்டிய பலமான ஓட்டத்தைத் தொட்டிக்குள் வைக்கும் அலை பம்புகள் தரட்டும். பம்புக்கு மேலே ஒரு யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) இல்லாவிட்டால், பிறகு கழுவ எடுக்கும்போது ரம்பம்தான்.

பிளம்பரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று: பித்தளை வால்வு, பித்தளை இணைப்பு எதுவும் கூடாது. ஹார்ட்வேர் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் முதலில் பித்தளையைத்தான் எடுத்துத் தருவார்கள். அதிலிருந்து கசியும் செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். எல்லாம் பிவிசியாகவே இருக்கட்டும். இன்னொன்று, இங்கே கிடைக்கும் அழுத்தக் குழாய் மி.மீ. கணக்கு. இறக்குமதியான அமெரிக்க ஒரு அங்குலத் துண்டுகளின் குழாய்க்கு வெளிவிட்டம் 33.4 மி.மீ. நம் 32 அதில் ஆடும், ஒட்டினாலும் கசியும். ஒரே கணக்கில் வாங்குங்கள்.

எடையையும் நினையுங்கள். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் 800 கிலோவைத் தாண்டும். கான்கிரீட் தரை என்றால் கவலை இல்லை. பழைய மரப்பலகைத் தரை என்றால் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடாமல் வைக்காதீர்கள்.

ஒட்டி முடித்து ஒரு நாள் காயவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் ஓட்டுங்கள். தினமும் ஒன்றிரண்டு தடவை பம்பின் ஸ்விட்சை அணைத்து, சம்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று டேப் ஒட்டிக் குறியுங்கள். மூன்றாவது குழாயையும் ஒரு தடவை சோதியுங்கள், முதல் இரண்டு குழாய்களையும் கையால் அடைத்து. கசிவு இல்லை என்றால் அதையெல்லாம் வடித்துவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து நிரப்பலாம். கடலிலிருந்து வாளியில் எடுத்து வர ஆசை வரும், எனக்கும் வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி நம் கடற்கரைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்த பிறகு அந்த ஆசை போய்விட்டது.

லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) இல்லாத நாளிலும் கேபிள் திருட்டும் இடிமழையும் உண்டு. அலை பம்புகளில் ஒன்றையாவது 24 வோல்ட் டிசியாக வாங்கி பேட்டரியோடு இணையுங்கள். ஓட்டம் நின்ற தொட்டியில் மீனுக்கு ஆக்ஸிஜன் சில மணி நேரத்தில் குறையும். ஹீட்டருக்கும் ஸ்கிம்மருக்கும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) பேட்டரி வேண்டாம், அவை காத்திருக்கும்.