சபை மூப்பராக ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும்?

மூப்பர் என்றால் கிறிஸ்தவ சபை மக்களின் ஆத்துமாக்களைக் கவனித்து, வேதத்தைக் கற்பித்து, காரியங்களை மேற்பார்வை செய்கிறவர். அவருக்கான தகுதிகள் பைபிளில் அப்போஸ்தலர் பவுலின் கடிதங்களான 1 தீமோத்தேயு 3, தீத்து 1 அதிகாரங்களில் இருக்கின்றன. வாசித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: திறமை என்று சொல்லக்கூடியது போதிக்கும் திறன் ஒன்றுதான், ஏறக்குறைய மற்றதெல்லாம் குணம். குடிவெறி, அடிதடி, பண ஆசை கூடாது. விருந்தோம்பல் வேண்டும். தன் வீட்டை நன்றாக நடத்துகிறவராக இருக்க வேண்டும், வீட்டை நடத்தத் தெரியாதவர் சபையை எப்படிக் கவனிப்பார் என்று பவுலே கேட்கிறார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காணிக்கைப் பணமும் குடும்பங்களின் அந்தரங்கமும் அவர் கைக்கு வருகின்றன. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை உடனே நியமித்தால் பெருமை தலைக்கேறும். சபைப் பணிகளில் உதவும் உதவிக்காரரைக்கூட முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது.

காட்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தால் என்ன செய்வோம்? படிப்புச் சான்றிதழோடு விட்டுவிட மாட்டோம். அந்தத் தெரு மளிகைக் கடையில் கடன் பாக்கி உண்டா, குடிப்பாரா, வீட்டில் சத்தம் கேட்குமா என்று விசாரிப்போம். சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நற்சாட்சி வேண்டும் என்பது இதேதான். பல சபைகள் சறுக்குவது இங்கேதான்: நன்றாகப் பேசுகிறார், தாராளமாகக் கொடுக்கிறார் என்று கை தூக்கித் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். மூப்பராக்கிய பிறகு விசாரிப்பது மிகவும் கஷ்டம்.

அந்தத் தகுதிகளில் ஒன்றான ‘குற்றஞ்சாட்டப்படாதவன்’ என்பதைப் பாவமே செய்யாதவர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குற்றச்சாட்டு வந்தால் அது நிலைக்காத அளவுக்கு வாழ்க்கை வெளிப்படையாக இருக்கிறவர் என்பதே அதன் பொருள்.