வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: வெளிநாட்டு முதலீட்டை இழுத்து வரும் பெரிய அதிகாரி என்றால் எம்.பி.ஏ. படித்துவிட்டு கோட்டு சூட்டில் விருந்துகளுக்குப் போகிறவர்தானே? (கல்லூரி மாணவி, திருப்பூர்)

பதில்: விருந்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பூரின் பிலிப் இயோவைப் பாருங்கள். ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின் உதவித்தொகையில் கனடாவின் டொராண்டோவில் தொழிற்பொறியியல் படித்து, 1970-இல் பாதுகாப்பு அமைச்சகத்தில் சேர்ந்தவர். நீங்கள் சொன்ன எம்.பி.ஏ.வும் அப்புறம் ஹார்வர்டில் முடித்தார், சரி. 1986-இல் வெளிநாட்டு முதலீட்டை அழைத்து வரும் அந்நாட்டு அரசு அமைப்பான பொருளாதார வளர்ச்சிக் கழகத்துக்குத் தலைவரானார், 2001 வரை இருந்தார்.

பெட்ரோ கெமிக்கல் ஆலைகளுக்கு நிலம் இல்லையா? ஏழு குட்டித் தீவுகளுக்கு இடையில் கடலைத் தூர்த்து ஒன்றாக்கி, ஜூரோங் தீவு என்று 2000-இல் முறைப்படித் திறந்தார்கள். அதை விடாப்பிடியாகத் தள்ளியவர்களில் இவர் முக்கியமானவர். ஒரு ஆலை தயாரிப்பது பக்கத்து ஆலைக்கு மூலப்பொருள், குழாய் மட்டும் போட்டால் போதும் என்கிற வசதியைக் காட்டித்தான் கம்பெனிகளை அழைத்தார்கள். வரிச்சலுகையை எந்த நாடும் தரும், இதைத் தருவது கஷ்டம்.

கேள்வி: அவர்மேல் விமர்சனமே கிடையாதா? (அதே மாணவி)

பதில்: ஏன் இல்லை? அரசு உதவித்தொகையில் படித்துவிட்டு, திரும்பி வந்து வேலை செய்வதாகப் போட்ட ஒப்பந்தத்தை முறித்துப் போகிறவர்களின் பெயரை வெளியிடுவோம் என்று 1998-இல் கிளம்பினார். நாடாளுமன்றத்திலேயே பதவி விலகச் சொன்னார்கள். விலகவில்லை. பெயர் போட்டு அவமானப்படுத்துவது எனக்கும் பிடிக்காதுதான், ஆனால் மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்டதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.